கரப்பான் அரிப்புக்கு ஸ்டீராய்டு இல்லாத களிம்பு: எப்படிப் போட்டால் கேட்கும்?

ராத்திரி ரெண்டு மணிக்கு எழுந்து உட்கார்ந்து முழங்கால் மடிப்பைச் சொறிந்துவிட்டு, ரத்தம் பட்ட போர்வையைக் காலையில் யார் கண்ணிலும் படாமல் ஊற வைக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். எனக்குக் கரப்பான், அதாவது டாக்டர்கள் எக்ஸிமா என்கிற தோல் நோய், சின்ன வயதிலிருந்தே உண்டு. இப்போது ஏழு வயது மகளுக்கும் வந்திருக்கிறது. வீடு அவிநாசிப் பக்கம், வேலை பனியன் கம்பெனியில் கட்டிங் பிரிவில். நான் டாக்டர் இல்லை. ஆனால் இத்தனை வருஷமாக டியூப் டியூபாகப் பிதுக்கி, டாக்டர்களிடம் கேள்வி மேல் கேள்வி கேட்டு, கிடைத்ததையெல்லாம் படித்து ஒன்று தெரிந்துகொண்டேன். ஸ்டீராய்டு இல்லாத மருந்து கேட்கவில்லை என்று சொல்கிறவர்களில் முக்கால்வாசிப் பேர் அதைத் துளியூண்டு தொட்டு வைத்திருப்பார்கள், இல்லாவிட்டால் நாலாம் நாளே தூக்கி எறிந்திருப்பார்கள். நானும் அப்படித்தான் இருந்தேன்.

முதலில் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ளுங்கள், அது கரப்பான்தானா? பெரும்பாலும் சின்ன வயதில் ஆரம்பித்து, முழங்கை, முழங்கால் மடிப்பில் காய்ந்து சிவந்து, சொறியச் சொறியத் தடித்துப்போய், குடும்பத்தில் யாருக்காவது வீசிங்கோ ஓயாத தும்மலோ இருந்தால் அந்தப் பக்கம்தான் கை காட்டும். வட்டமாக, ஓரம் சிவந்து செதில் தட்டி, நடுவில் ஆறிய மாதிரி இருந்தால் படர்தாமரையாக இருக்கலாம். அதன்மேல் கீழே நான் சொல்லப்போகும் களிம்பைத் தடவினால் பூஞ்சைக்குத்தான் கொண்டாட்டம். வீட்டில் ரெண்டு மூணு பேர் ஒரே சமயத்தில் விரலிடுக்கையும் மணிக்கட்டையும் ராத்திரியில் சொறிகிறார்கள் என்றால் சிரங்கு. அதற்கு மொத்த வீடும் ஒரே நாளில் மருந்து போட வேண்டும். இன்னொன்று நம்ம ஊரில் அதிகம் பார்க்கிறது: தோட்டம் காடு என்று திரிகிறவருக்கு, முன்னே எதுவும் இல்லாமல் நடுத்தர வயதில் திடீரென்று கண் இமை, கழுத்து, முழங்கை மடிப்பு எல்லாம் கருத்துத் தடித்து அரித்தால், வாய்க்கால் ஓரமும் தரிசு நிலமும் வெள்ளையாகப் பூத்துக் கிடக்கிற பார்த்தீனியத்தின் மேல் சந்தேகப்படுங்கள். அதன் தூள் காற்றில் வந்து பட்டாலே போதும். செடியை விட்டு விலகாமல் எந்தக் களிம்பும் கேட்காது. இந்த நாலையும் பிரித்துப் பார்க்க ஒரு தடவையாவது தோல் டாக்டரிடம் காட்டியே ஆக வேண்டும். கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் தோல் பிரிவு இருக்கிறது, செலவைப் பார்த்துத் தள்ளிப்போட வேண்டியதில்லை.

சரி, ஏன் அரிக்கிறது? மண் சுவரில் கல்லுக்கு நடுவே பூசியிருக்கும் மண் உதிர்ந்தால் மழை உள்ளே இறங்குமே, அதேபோல நம் தோலின் மேல் செல்களுக்கு நடுவே இருக்கும் கொழுப்புப் பூச்சு குறைந்திருக்கிறது. ஈரம் வெளியே போகிறது, தூசியும் சோப்பும் கிருமியும் உள்ளே போகின்றன. ஃபிலாக்ரின் என்ற புரதத்தின் மரபணுவில் குறை இருப்பவர்களுக்குக் கரப்பான் வரும் வாய்ப்பு அதிகம் என்று 2006-ல் கண்டுபிடித்தார்கள். எல்லோருக்கும் அதுவே காரணம் என்று இல்லை, ஆனால் என்னிடமிருந்து மகளுக்குப் போனது எப்படி என்று ஓரளவு புரிகிறது. உள்ளே போன சமாச்சாரத்தைப் பார்த்து எதிர்ப்புச் செல்கள் கலவரம் பண்ண, அவை விடுகிற இன்டர்லூகின் 4, 13, 31 போன்ற பொருள்கள் நேராக அரிப்பு நரம்பைத் தட்டுகின்றன. அலர்ஜி மாத்திரை தடுக்கிற ஹிஸ்டமின் என்ற பொருளுக்கு இதில் சின்னப் பங்குதான். அதனால்தான் அலர்ஜி மாத்திரை விழுங்கினால் தூக்கம் வருகிறதே தவிர அரிப்பு அப்படியே இருக்கிறது.

ஸ்டீராய்டைப் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன், நான் அதற்குப் பகைவன் இல்லை. கரப்பான் கொழுந்துவிட்டு எரியும்போது, டாக்டர் சொன்ன பலத்தில், சொன்ன நாள் மட்டும் போட்டால் அதைவிட வேகமாக அடக்குவது வேறொன்று கிடையாது. என் கதை வேறு. பத்தொன்பது வயதில் ஒரு மருந்துக்கடையில் அரிப்பு என்று சொன்னேன். "இதைப் போடுங்க, நாளைக்கே போயிரும்" என்று ஒரு டியூபைக் கொடுத்தார்கள். பூஞ்சைக்கும் கிருமிக்கும் மருந்து, கூடவே வீரியமான ஸ்டீராய்டு, மூன்றும் சேர்ந்த கலவை. மறுநாளே போனது உண்மை. நிறுத்தினதும் ரெண்டு மடங்காகத் திரும்பி வந்ததும் உண்மை. ரெண்டு வருஷம் அதையே வாங்கி வாங்கிப் போட்டதில் தொடை இடுக்கில் தோல் சிகரெட் தாள் போல மெலிந்து கோடு கோடாக வெடித்தது, அந்தக் கோடுகள் இன்னும் இருக்கின்றன. 2018-ல் 14 ஸ்டீராய்டு களிம்புகளைச் சீட்டில்லாமல் விற்கக்கூடாத பட்டியலில் மத்திய அரசு சேர்த்துவிட்டது. ஆனாலும் கவுன்டரில் கேட்டுப் பாருங்கள், எத்தனை இடத்தில் சீட்டுக் கேட்கிறார்கள் என்று. கண் இமை, முகம், கழுத்து, அக்குள், இடுக்கு இந்த இடங்களில் தோல் ஏற்கெனவே மெலிசு. ஸ்டீராய்டு இல்லாத களிம்புக்கு வேலை அங்கேதான் அதிகம்.

குளியலில் இருந்து ஆரம்பிக்கலாம்

வெந்நீர் ஊற்றினால் அந்த நேரத்துக்குச் சொர்க்கம் மாதிரி இருக்கும், அரை மணி கழித்து வட்டியோடு திரும்பும். வெதுவெதுப்பு போதும், ஐந்திலிருந்து பத்து நிமிஷத்துக்குள் முடித்துக்கொள்ளுங்கள். சோப்பு அக்குள், இடுக்கு, பாதத்துக்கு மட்டும். சாதாரண சோப்பின் pH என்கிற அமில-கார அளவு 9, 10 என்று இருக்கும், தோலுக்கு வேண்டியது 5 பக்கம். சோப்பு இல்லாத கட்டி, வாசனை சேர்க்காத க்ளென்சர் என்று டாக்டர் எழுதிக் கொடுப்பது இதனால்தான்.

நம்ம ஊர்ப் போர் தண்ணியைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. குழாய் முனையில் வெள்ளையாகக் கல் பிடிக்கிற அந்தத் தண்ணீரில் சோப்பு நுரைக்காது, நுரைக்கவில்லை என்று இன்னும் நாலு தேய் தேய்ப்போம், அந்தச் சோப்பு முழுசாகக் கழுவிப் போகாமல் தோலில் படிந்து எரிச்சலைக் கிளப்பும். சிறுவாணித் தண்ணீர் வருகிற சொந்தக்காரர் வீட்டில் நாலு நாள் தங்கினால் தோல் மிருதுவாகிறது என்று எங்கள் வீட்டில் சொல்வது வழக்கம். அதற்காகக் கடன் வாங்கித் தண்ணீரை மெதுவாக்கும் மெஷின் பொருத்தாதீர்கள். கரப்பான் உள்ள குழந்தைகள் இருக்கும் வீடுகளில் அதைப் பொருத்தி இங்கிலாந்தில் சோதித்து 2011-ல் முடிவு வெளியிட்டார்கள், கரப்பானுக்கு அதனால் கூடுதல் பலன் இல்லை. சோப்பைக் குறையுங்கள், கடைசி ரெண்டு சொம்பு நல்ல தண்ணீர் ஊற்றுங்கள், அவ்வளவுதான்.

அரப்பு ஒரு சங்கடமான விஷயம். சனிக்கிழமை எண்ணெய் வைத்து அரப்புப் போட்டுக் குளிப்பாட்டவில்லை என்றால் என் மாமியாருக்குத் தூக்கம் வராது. எண்ணெயில் குற்றமில்லை. அரப்பும் சீயக்காயும் கடலைமாவும் பொடியாக இருந்து வெடிப்பில் உரசி, பிசுக்கோடு தோலின் சொந்த எண்ணெயையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போகின்றன. எங்கள் வீட்டில் இப்போது ஏற்பாடு இப்படி: தலைக்கு மட்டும் அரப்பு, பிள்ளையைக் குனிய வைத்து அது உடம்பில் வழியாமல் அலசிவிட்டு, அப்புறம் உடம்புக்குத் தண்ணீர். "அம்மிச்சி, மேலுக்கு வேண்டாம்" என்று மகளே சொல்லிவிடுகிறாள்.

துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். கொஞ்சம் ஈரம் இருக்கும்போதே, மூன்று நிமிஷத்துக்குள், மாய்ஸ்சரைசர். இந்த மூன்று நிமிஷம் ரொம்ப முக்கியம். பாத்ரூம் கதவுக்கு உள்பக்கமே டப்பாவை வையுங்கள், வெளியே வந்து போனைப் பார்த்துவிட்டுப் போடலாம் என்று நினைத்தால் தோல் அதற்குள் காய்ந்துவிடும்.

எவ்வளவு போடுவது? பெரியவர்களுக்கு உடம்பு முழுக்கக் காய்ந்திருந்தால் வாரத்துக்கு 250 முதல் 500 கிராம் வரை ஆகும், குழந்தைக்கு அதில் பாதி. ஆமாம், வாரத்துக்குத்தான். மாசத்துக்கு ஒரு 50 கிராம் டியூப் வாங்கிவிட்டு மாய்ஸ்சரைசர் எனக்குப் பிடிக்கவில்லை என்று சொல்வது, ஒரு குடம் தண்ணீரைத் தென்னந்தோப்புக்கு ஊற்றிவிட்டுக் காய்க்கவில்லை என்கிற கதை. அதனால் தோலின் கொழுப்புப் பூச்சில் இருக்கிற செராமைடைச் சேர்த்த விலை உயர்ந்த க்ரீமைக் கஞ்சத்தனமாகத் தொட்டு வைப்பதைவிட, வாசனையில்லாத வெள்ளைப் பெட்ரோலியம் ஜெல்லியைப் பெரிய டப்பாவாக வாங்கித் தாராளமாகப் போடுவது மேல். கையை விடாமல் ஸ்பூனால் எடுங்கள், இல்லாவிட்டால் சொறிந்த விரலின் கிருமி டப்பாவுக்குள் குடியேறும். முடி வளர்கிற திசையிலேயே மேலிருந்து கீழாக நீவுங்கள். எதிர்த்துத் தேய்த்தால் முடி வேரில் கொப்புளம் வரலாம். யூரியா சேர்ந்த க்ரீம் தடித்துப்போன பாதத்துக்கு நல்லது, வெடித்த இடத்தில் போட்டால் மிளகாய்த்தூள் தூவின மாதிரி இருக்கும், குழந்தைக்கு வேண்டாம்.

தேங்காய் எண்ணெய் போடலாமா என்று கேட்காதவர்கள் இல்லை, காங்கயத்தில் ஆலைகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேட்காமலும் இருக்க முடியாது. போடலாம். வாசனை சேர்க்காத, சூடு காட்டாமல் எடுத்த தேங்காய் எண்ணெயைக் கரப்பான் உள்ள குழந்தைகளுக்கு 8 வாரம் தடவிப் பார்த்த ஒரு சோதனையில் மினரல் ஆயிலைவிட நன்றாகக் கேட்டது, 2014-ல் வந்தது. ஆலிவ் எண்ணெய் நேர்மாறு, தோலின் பூச்சை அது கெடுக்கிறது என்று 2013-ல் ஒரு ஆய்வு சொன்னது. குழந்தைக்கு இதமாக இருக்கும் என்று டப்பா படத்தைப் பார்த்து வாங்கித் தொலைக்காதீர்கள். ஆனால் எண்ணெய் மட்டும் போதாது, அது ஈரத்தை அடைத்து வைக்கும், உண்டாக்காது. ஈரத்தோலில் போட்டால்தான் பயன்.

பருவத்துக்குத் தகுந்த மாதிரி மாற்றிக்கொள்ளவும் வேண்டும். உடுமலை, பல்லடம் பக்கம் காத்தாலைகள் வேகமெடுத்துச் சுற்ற ஆரம்பித்தால் என் முழங்கை மடிப்புக்கு முதலில் தெரிந்துவிடும். பாலக்காட்டுக் கணவாய் வழியே வருகிற ஆடிக்காற்று நம்ம பக்கம் மழையைக் கொடுக்காமல் வெறும் காற்றாக வந்து தோலை உரிக்கும். அப்போதும் மார்கழி, தையிலும் கெட்டியான ஆயின்ட்மென்ட்தான் தாங்கும். சித்திரையில் அதையே போட்டால் வேர்வை அடைபட்டு அதுவே நமைக்கும், அந்த மாசங்களில் க்ரீம் போதும், வேர்த்ததும் வெறும் தண்ணீரில் கழுவிவிட்டுத் திரும்பப் போடுங்கள்.

இடையில் ஒரு எச்சரிக்கை. பெட்ரோலியம் ஜெல்லி, பாரஃபின், எண்ணெய் எதுவானாலும் துணியில் ஊறிக் காய்ந்தால் அந்தத் துணி தீயை வேகமாகப் பிடிக்கும், துவைத்தாலும் முழுசாகப் போகாது. 2018-ல் இங்கிலாந்து மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை இதற்கென்றே எச்சரிக்கை கொடுத்தது. களிம்பு ஊறின நைட்டியோடு அடுப்பு முன்னால் நிற்பதும், விளக்கு ஏற்றக் குனிவதும், பீடி சிகரெட் பற்ற வைப்பதும் வேண்டாம்.

அரிப்பு வந்த அந்த நிமிஷம் என்ன செய்வது

சொறியாதே சொறியாதே என்று கத்துவதில் பயனில்லை, என் அம்மா கத்தினாள், நான் போர்வைக்குள் சொறிந்தேன். குளிர்ச்சிதான் கைவைத்தியம். மாய்ஸ்சரைசர் டப்பா ஒன்றை ஃப்ரிட்ஜில் கீழ்த்தட்டில் வையுங்கள், ஃப்ரீசரில் வேண்டாம். நமைச்சல் கிளம்பினதும் அதை எடுத்துப் பூசினால் குளிர் அரிப்பு நரம்பைக் கொஞ்ச நேரம் வாயடைக்க வைக்கும், பூச்சும் போட்ட மாதிரி ஆச்சு. ஐஸ் என்றால் துணியில் சுற்றி ஓரிரு நிமிஷம் ஒற்றலாம், நேராகத் தோலில் வைக்கக்கூடாது. மகளுக்கு உள்ளங்கையால் அழுத்தச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். அழுத்தி இருபது எண்ண வேண்டும், அவள் பன்னிரண்டில் விட்டுவிடுவாள், அதுவும் சொறிவதைவிட மேல். நகத்தை வாரம் ரெண்டு தடவை வெட்டி ஓரத்தை ராவிவிடுங்கள்.

இதற்கு மேல் அரிப்பு போகும்போது எங்கள் வீட்டில் ஈரப் பனியன். இது என் கண்டுபிடிப்பில்லை, ஈரத்துணிச் சுற்று என்று தோல் டாக்டர்கள் உலகம் முழுக்கச் செய்வதுதான், திருப்பூர்க்காரனுக்கு அதற்கு வேண்டிய துணி சும்மாவே கிடைக்கிறது. சுத்தப் பருத்தி, சாயம் இல்லாத வெள்ளை, சிங்கிள் ஜெர்சித் துணியாக ரெண்டு முழுக்கை பனியன் எடுத்துக்கொள்ளுங்கள், ஒன்று உடம்போடு ஒட்டுகிற அளவு, இன்னொன்று கொஞ்சம் தொளதொளப்பு. ரெண்டையும் துவைத்து நன்றாக அலசிவிடுங்கள். கழுத்து லேபிளையும் பக்கவாட்டு லேபிளையும் தையலோடு பிரித்தெடுங்கள், பாதி அரிப்புக்கு அந்த லேபிளே காரணம். ஓவர்லாக் தையல் வெளிப்பக்கம் வருகிற மாதிரி உள்பக்கத்தை வெளியே திருப்பிப் போடுங்கள். குளித்து, மாய்ஸ்சரைசரைத் தாராளமாகப் பூசி, முதல் பனியனை வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்து, சொட்டாத அளவு பிழிந்து போட்டுவிட்டு, அதன்மேல் காய்ந்த பனியன். காலுக்கு இதே மாதிரி லெக்கிங்ஸ். கைக்கும் காலுக்கும் மட்டும் வேண்டுமென்றால் ரிப் துணி கட்டிங் வேஸ்டில் குழாய் மாதிரி தைத்துக்கொள்ளலாம், நான் அப்படி ஒரு டஜன் தைத்து வைத்திருக்கிறேன். ஒரு மணி, ரெண்டு மணி நேரம் போதும், தூங்கிவிட்டால் இருக்கட்டும். காய ஆரம்பித்தால் எடுத்துவிட்டுத் திரும்ப மாய்ஸ்சரைசர். குழந்தை குளிரில் நடுங்கினாலோ, நீர் வடிந்து சீழ் கட்டின புண் இருந்தாலோ போடக்கூடாது. உள்ளே மாய்ஸ்சரைசர் மட்டும்தான், கீழே சொல்கிற மருந்துக் களிம்பைப் பூசி அதன்மேல் ஈரத்துணி சுற்றக்கூடாது.

கடையில் சீட்டில்லாமல் கிடைப்பதில், 1% பிரமாக்சின் சேர்ந்த லோஷன் தோலைக் கொஞ்சம் மரத்துப்போகச் செய்து அரிப்பைக் குறைக்கும். மென்தால் கொஞ்சமாகச் சேர்ந்தது பெரியவர்களுக்குச் சிலுசிலுவென்று இதம், வெடித்த தோலில் எரியும். கேலமைனை எல்லா வீட்டிலும் வைத்திருக்கிறோம், பூச்சிக்கடிக்கும் வேர்க்குருவுக்கும் சரி, காய்ந்த கரப்பானை அது மேலும் காய வைக்கும். கற்பூரம் கலந்த தைலத்தைக் குழந்தைக்குத் தடவவே கூடாது, அது வயிற்றுக்குள் போனால் வலிப்பு வரை கொண்டுபோகும். அலர்ஜி மருந்தான டைபென்ஹைட்ரமினைக் களிம்பாகப் பூசினால் அதற்கே அலர்ஜி வந்தவர்கள் உண்டு, கரப்பானுக்கு அது வேண்டாம்.

இனி மருந்துக் களிம்புகள்

எதிர்ப்புச் செல்களின் கலவரத்தை அடக்குகிற டாக்ரோலிமஸ்தான் நம்மூர்ச் சீட்டுகளில் அதிகம் வருவது. 1984-ல் ஜப்பானில் சுகுபா என்ற ஊர் மண்ணில் இருந்த நுண்ணுயிரிலிருந்து எடுத்தது. முதலில் உறுப்பு மாற்று சிகிச்சைக்கு மாத்திரையாக வந்தது, 2000 டிசம்பரில் அமெரிக்காவில் களிம்பாகவும் அனுமதி கிடைத்தது. 2 முதல் 15 வயது வரை 0.03%, 16-க்கு மேல் 0.1%. அண்ணனுடைய டியூபைத் தங்கைக்குப் போடுகிற பழக்கம் இதில் ஆகாது. 2 வயதுக்குக் கீழே டாக்டர் முடிவு. இதன் தம்பி மாதிரி பிமெக்ரோலிமஸ் 1% க்ரீம், கொஞ்சம் மிருதுவானது, முகத்துக்குச் சௌகரியம்.

போடும் முறை இப்படி. குளித்த உடனே, தோல் சூடாகவும் ஈரமாகவும் இருக்கும்போது போட்டால் எரிச்சல் அதிகம், முழுசாகக் காயட்டும். அளவுக்கு ஒரு கணக்கு உண்டு: பெரியவரின் ஆள்காட்டி விரல் நுனியிலிருந்து முதல் கோடு வரை பிதுக்கினால் சுமார் அரை கிராம், அது விரல்களோடு சேர்த்து ரெண்டு உள்ளங்கை பரப்புக்குக் காணும். 10 கிராம் டியூபில் இப்படி இருபது தடவை. சிவந்து அரிக்கிற இடத்தில் மட்டும், மெல்லிசாக, காலை ஒரு தடவை ராத்திரி ஒரு தடவை. மாய்ஸ்சரைசரோடு கலந்து குழைக்காதீர்கள். எது முன்னே எது பின்னே, நடுவில் எவ்வளவு நேரம் என்பதைச் சீட்டு எழுதுகிறவரிடம் கேட்டு டியூபிலேயே பேனாவால் எழுதி ஒட்டுங்கள், ஆளுக்கு ஆள் மாற்றிச் சொல்வார்கள். எனக்குச் சொன்னது மருந்துக்கும் மாய்ஸ்சரைசருக்கும் ரெண்டு மணி நேர இடைவெளி. கையில் கரப்பான் இல்லாவிட்டால் போட்டதும் கை கழுவுங்கள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். முதல் நாளிலிருந்தே பலருக்கு எரியும். சிலருக்கு லேசாக, எனக்குக் கன்னத்தில் இஞ்சி அரைத்துப் பூசின மாதிரி. அரிப்புக்காகப் போட்டது கொஞ்ச நாளைக்கு அரிப்பைக் கூடவே கூட்டும். இங்கேதான் நிறைய பேர் "இது நம்ம தோலுக்கு ஒத்துக்கல" என்று முடிவு கட்டி மூலையில் போட்டுவிட்டு, பழைய கலவை டியூபுக்குத் திரும்புகிறார்கள். அந்த எரிச்சல் ஒவ்வாமை இல்லை. அரிப்பையும் எரிச்சலையும் சொல்கிற நரம்பு முனைகளில் சேர்த்து வைத்திருக்கும் ஒரு பொருளை மருந்து உசுப்பிக் காலி பண்ணுகிறது, காலியான பிறகு அந்த நரம்பால் முன்போல் கூச்சல் போட முடிவதில்லை. பெரும்பாலானவர்களுக்கு ஒரு வாரத்துக்குள் தணிந்துவிடும். அந்த வாரத்தைக் கடக்க நான் செய்தது: ஒரே நேரத்தில் உடம்பு முழுக்க ஆரம்பிக்காமல் முதலில் ஒரு முழங்கை மட்டும். போட்டு எரியத் தொடங்கினதும் குளிர்ந்த துணியைப் பக்கத்துத் தோலில் ஒற்றிக்கொண்டு பதினைந்து நிமிஷம் டிவி பார்ப்பது. நாலாம் நாள் எரிச்சல் பாதியானது, ஆறாம் நாள் மறந்தே போய்ப் போட்டுவிட்டுத் தூங்கினேன். கரப்பான் ரொம்பக் கொதித்துக் கிடந்தால் டாக்டர் முதலில் சில நாள் ஸ்டீராய்டு கொடுத்துச் சூட்டைத் தணித்துவிட்டு இதற்கு மாற்றுவார், அப்போது எரிச்சல் குறைவாக இருக்கும். அதை ஏமாற்று வேலை என்று நினைக்காதீர்கள்.

அரிப்பு அடங்கி, சிவப்பு மறைகிற வரை போடுங்கள். ஆறு வாரத்தில் ஒரு மாற்றமும் இல்லையென்றால் திரும்பக் காட்டுங்கள், நோயே வேறாக இருக்கலாம். அடங்கின பிறகும் அடிக்கடி கிளம்புகிற அதே இடங்களில் வாரத்துக்கு ரெண்டு நாள் மட்டும் போட்டுவருவது என்று ஒரு முறை இருக்கிறது, டாக்டரிடம் கேட்டுப் பாருங்கள். என் வருஷத்தை மாற்றினது அதுதான். திங்களும் வியாழனும் என்று காலண்டரில் வட்டம் போட்டு வைத்திருக்கிறேன்.

பெட்டிக்குள் இருக்கும் தாளைப் பிரித்தால் புற்றுநோய் என்ற வார்த்தை கண்ணில் படும், என் மனைவி அதைப் படித்துவிட்டு டியூபை அலமாரிக்கு மேலே ஏற்றிவிட்டாள். 2006-ல் அமெரிக்காவில் சேர்த்த எச்சரிக்கை அது. மாத்திரையாக விழுங்கின நோயாளிகளிடமும், ரொம்ப அதிக அளவு கொடுத்த விலங்குகளிடமும் பார்த்ததை வைத்து வந்தது. அதன் பிறகு டாக்ரோலிமஸ் பூசின சுமார் 8,000 குழந்தைகளை 10 வருஷம் வரை பின்தொடர்ந்து 2020-ல் வெளியிட்டார்கள், புற்று கூடியதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. இதைக் காட்டிய பிறகுதான் டியூப் கீழே இறங்கியது. அதற்காக எச்சரிக்கையே வேண்டாம் என்று இல்லை. பூசின இடத்தை வெயிலில் காட்டாமல் துணியால் மூடுங்கள். தோலில் சீழ், அம்மை, அக்கி, வாய்ப்புண் கொப்புளம் எது வந்தாலும் நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள். இன்னொன்று, மது குடித்தால் சிலருக்குப் பூசின முகம் குப்பென்று சிவந்து எரியும். கல்யாண வீட்டு ராத்திரிகளில் மாட்டிக்கொள்ள வேண்டாம். டியூபை வண்டி டிக்கியில் வைத்துக்கொண்டு ஊரெல்லாம் சுற்றாதீர்கள், பங்குனி வெயிலில் உள்ளே அடுப்பு மாதிரி இருக்கும்.

அடுத்தது கிரிசபோரோல் 2%, போரான் சேர்ந்த மூலக்கூறு, 2016 டிசம்பரில் அமெரிக்காவில் அனுமதி பெற்றது, 2020-ல் 3 மாதக் குழந்தை வரை வயதைக் குறைத்தார்கள். லேசான, நடுத்தரக் கரப்பானுக்கு, தினம் ரெண்டு தடவை. இதுவும் ஆரம்பத்தில் சிலருக்கு எரியும். மெலிசான தோலில் கேட்கிற அளவு வருஷக்கணக்கில் சொறிந்து தடித்த தோலில் கேட்காது என்பது என் அனுபவம்.

ஜாக் தடுப்பான் என்று ஒரு வகை வந்திருக்கிறது, மேலே சொன்ன இன்டர்லூகின்கள் கொடுக்கிற சைகையைச் செல்லுக்குள்ளேயே மறிப்பது. ருக்ஸோலிட்டினிப் 1.5% க்ரீம் 2021 செப்டம்பரில் அமெரிக்காவில், முதலில் 12 வயதுக்கு மேல் என்று அனுமதித்தார்கள். இதன் பலமே அரிப்பை அடக்குவதுதான், ரெண்டு நாளுக்குள்ளேயே அது குறையத் தொடங்குவதைச் சோதனைகளில் பார்த்திருக்கிறார்கள். ஆனால் உடம்பில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் பூசக்கூடாது, வாரத்துக்கு 60 கிராமைத் தாண்டக்கூடாது, உள்ளே போனால் வரக்கூடிய தொந்தரவுகளுக்குப் பெரிய எச்சரிக்கையும் உண்டு. 2024-ல் ரோஃப்ளூமிலாஸ்ட் 0.15%, டாபினரோஃப் 1% என்று இன்னும் ரெண்டு க்ரீம்கள் கரப்பானுக்கு அங்கே அனுமதி பெற்றன. அமெரிக்காவில் இருக்கிற மச்சான் பெட்டியில் போட்டுக் கொண்டுவந்தார் என்று பார்த்த மாத்திரத்தில் பூசிக்கொள்ளாதீர்கள், பெயரை எழுதிக்கொண்டு போய் டாக்டரிடம் கேளுங்கள்.

களிம்பை மூடி வைத்துவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டிய நேரமும் உண்டு. தேன் நிறத்தில் பொருக்குக் கட்டி நீர் வடிந்தால் கிருமி சேர்ந்திருக்கிறது, மறுநாளாவது காட்ட வேண்டும். ஒரே மாதிரி சின்னச் சின்னக் கொப்புளங்கள் கூட்டமாக வந்து, குத்தி எடுத்த மாதிரி குழிப்புண்ணாகி, அரிப்புக்குப் பதில் வலியும் காய்ச்சலும் இருந்தால் அது ஹெர்பிஸ் வைரஸ் கரப்பான்மேல் பரவுவது, அன்றைக்கே, ராத்திரியானாலும் போக வேண்டும். கண் பக்கம் வந்தால் இன்னும் அவசரம்.

டாக்டரிடம் போகும்போது வீட்டில் இருக்கிற எல்லா டியூபையும், காலியானது, பாதி காலியானது, மாமியார் கொடுத்த தைலம், பக்கத்து வீட்டு அக்கா கொடுத்த பச்சை டப்பா உட்பட, ஒரு துணிக்கடைப் பையில் அள்ளிப்போட்டு அப்படியே மேஜையில் கொட்டுங்கள். நான் கடைசியாகக் கொட்டியபோது பதினான்கு இருந்தது. டாக்டர் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்து ஒன்பதை ஓரமாகத் தள்ளினார், அதில் நான் மூலிகை என்று நம்பி மகளுக்குப் போட்டுவந்த ஒன்றும் இருந்தது.